எருமைக்கன்றின் மேல்வரிசை

செகந்திராபாத்தில் தன் மனைவியின் பல்வரிசையை ஓர் எருமைக்கன்று மாட்டிக்கொண்டு தன்னைப் பார்த்துச் சிரித்தது என்று லக்ஷ்மிநாராயணன் சொன்னார். சும்மா சிரிக்கவில்லையாம். மேலுதட்டைத் தூக்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பந்தி விசாரிக்க வந்த சம்பந்தி மாதிரி, ‘சாப்பாடெல்லாம் திருப்தியா?’ என்று கேட்காத குறையாகச் சிரித்ததாம்.

பத்மாராவ் நகர் பூங்காவில் காலையில் நடக்க வருகிறவர்களுக்கு அவர் சொல்வதை நம்பிப் பழக்கமில்லை. பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சர்வீஸில் இருந்த காலத்தில், தான் போட்ட ஒரு தும்மலில் சோதனைக்கு நிறுத்தியிருந்த ராக்கெட் தானாகவே கிளம்பிப் பாதி வழி போய், மேலதிகாரி அதட்டியதும் திரும்பி வந்தது என்று சொன்னவர். அப்படிப்பட்டவர் எருமை என்று ஆரம்பித்தால் யார் என்ன செய்வார்கள்?

“லக்ஷ்மி சார், போன மாசம் சிறுத்தை. இந்த மாசம் எருமை. வர வர இறங்குமுகமா இருக்கே?” என்றார் ஃபெலிக்ஸ், ரயில்வேயில் கார்டாக இருந்தவர்.

“சிறுத்தை பொய், ஃபெலிக்ஸ். எருமை நிஜம்.”

இப்படி அவர் ஒத்துக்கொண்டதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. உண்மை சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொல்லும்போது கையை எங்கே வைத்துக்கொள்வதென்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஃபெலிக்ஸுக்கு அன்று வேறு வேலை இல்லை. ஆட்டோ பிடித்து, கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகைக்கே போனார். மாடுகளின் சொந்தக்காரன் மல்லேஷ் என்பவனை விசாரித்துவிட்டு, மறுநாள் காலை பாவமன்னிப்பு கேட்கிறவர் மாதிரி பூங்காவுக்கு வந்தார். “ஹவ் சார், ஆமாம், நடந்திருக்கு,” என்றார். அவர் சொன்ன பிறகு பூங்கா முழுக்க நம்பியது. கொண்டாப்பூரில் இருக்கும் மகன் மாதவ் நம்பினான். அவனுடைய ஆபீஸில் பாதிப் பேர் நம்பினார்கள்.

நம்பாதவர் ஒரே ஒருவர், பல்லுக்குச் சொந்தக்காரி.

“நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ. எருமையும் இல்லை, ஆனையும் இல்லை,” என்றாள் திரிபுரசுந்தரி.

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் மார்க் போட மாட்டாள். சாக்கு என்ற ஒன்றை அவள் தன் சர்வீஸில் ஏற்றுக்கொண்டதே கிடையாது. மழை, ஜுரம், பஸ் ஸ்டிரைக், எதுவும் அவள் வகுப்பு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அவளிடம் வந்து வீட்டுப்பாடம் செய்யாததற்குக் காரணம் சொல்வதைவிட, எல்லைக்குப் போய்த் துப்பாக்கி பிடிப்பது சுலபம் என்று அவளிடம் படித்தவர்களில் பாதிப் பேர் ராணுவத்தில் சேர்ந்துவிட்டதாக லக்ஷ்மிநாராயணன் சொல்வார்.

அத்தனை கண்டிப்புக்காரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. சிரிக்கும்போது வலது கை தானாக மேலே வந்து வாயை மூடிக்கொள்ளும். முன்பல் இரண்டும் தூக்கலாக இருந்தன, நடுவில் ஓர் இடைவெளி. கல்யாண ஆல்பம் முழுக்க அவள் உதடு ஒட்டிக்கிடக்கும். லக்ஷ்மிநாராயணன் புளுகனானதற்கே அதுதான் காரணம் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லலாம். சாதாரண ஜோக்குக்கு அந்தக் கை வாயைவிட்டு நகராது. ஆகவே ராக்கெட் வந்தது, சிறுத்தை வந்தது. எத்தனை வந்தும் கை நகரவில்லை. விரல்களுக்குப் பின்னால் நடந்த சிரிப்பைச் சத்தமாக மட்டுமே அவர் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஈறில் ரத்தம் வருகிறதென்று கொண்டாப்பூரில் பல் டாக்டரிடம் போனபோதுதான் கதை திரும்பியது. டாக்டர் அஸ்வினி வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டாள். ஏழாம் வகுப்பில் சுந்தரி டீச்சரிடம் படித்தவள்.

“மேம், இதைச் சரி பண்ணலாம். முன்பல்லு இன்னும் விலகிக்கிட்டே வருது. வயசானா சும்மா இருக்கிற பல்லும் நகரும்.”

“இந்த வயசுல எனக்கு கிளிப்பா? பார்க்கறவா சிரிப்பா.”

“வயசு பிரச்னை இல்ல மேம். ஈறும் எலும்பும் நல்லா இருக்கணும், அவ்வளவுதான். முதல்ல ஈறைச் சரி பண்ணுவேன். அது சரியாகாம கிளிப் போட மாட்டேன். நீங்க கேட்டாலும் போட மாட்டேன்.”

டீச்சருக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடித்துப்போயிற்று. தன்னுடைய குரலையே திரும்பக் கேட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும்.

ஈறு ஆறிய பிறகு கிளிப் ஏறியது. முதல் சில நாள் வலியில் அவள் குழைந்த ரசஞ்சாதத்தைத் தவிர எதையும் தொடவில்லை. அந்த நாட்களில் அந்த வீட்டில் வைத்த ரசத்தைத் திருப்பிவிட்டிருந்தால் ஹுசைன் சாகர் ஏரி கரையை உடைத்துக்கொண்டு நெக்லஸ் ரோட்டுக்கு வந்திருக்கும். கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் அதன்மேல் ஒட்ட ஒரு மெழுகு. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் கம்பி இடுக்கில் விட்டுத் தேய்க்க பென்சில் முனை அளவில் ஒரு குட்டி பிரஷ். முறுக்கு, தட்டை, வறுத்த கடலைக்கெல்லாம் தடை. ஆப்பிள்கூடத் துண்டு போட்டுத்தான். மனைவி சாப்பிடாததைத் தானும் சாப்பிடுவதில்லை என்று லக்ஷ்மிநாராயணன் சபதம் எடுத்து, மாடிப்படியில் நின்று முறுக்கு தின்றார்.

“ஏன் டாக்டர் இவ்வளவு நாள் ஆறது? ஒரே இழுப்பா இழுத்துட முடியாதா?” என்று ஒருமுறை அவர்தான் கேட்டார்.

“பல்லுங்கறது சுவத்துல அடிச்ச ஆணி இல்ல சார். மெதுவா தள்ளிக்கிட்டே இருந்தா முன்னாடி இருக்கிற எலும்பு கரைஞ்சு வழி விடும், பின்னாடி புது எலும்பு வளரும். அவசரப்பட்டா வேர் தேஞ்சு போயிடும்.”

திரும்பும் வழியில் மெட்ரோ பிடித்தார்கள். அமீர்பேட்டில் கூட்டம் இறங்கி, வேறு கூட்டம் ஏறியது. எலும்பு கரைந்து வழிவிடுகிறது என்பதை அவரால் தாண்டிப் போக முடியவில்லை. அதைப் பெரிதுபடுத்திச் சொல்லக்கூட முடியாது. அது ஏற்கெனவே அவருடைய புளுகைவிடப் பெரியதாக இருந்தது.

இரண்டு வருஷத்தில் கிளிப் இறங்கியது. அன்றைக்கு அஸ்வினி பாராட்டெல்லாம் சொல்லவில்லை. கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வார்ப்பைக் கையில் கொடுத்தாள். மேல்வரிசைப் பல் அத்தனையின் அச்சும் அதில் இருந்தது. அதற்குப் பேர் ரிடெய்னர்.

“கம்பி எடுத்தாச்சு, முடிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க மேம். பல்லைச் சுத்தி நார் இருக்கு. அதுக்குப் பழைய இடம் ஞாபகம் இருக்கும், இழுத்துக்கிட்டேதான் இருக்கும். இதைப் பகல்லயும் போடணும், தூங்கும்போதும் போடணும். அப்புறம் ராத்திரி மட்டும்னு குறைக்கலாம். அதைக் கடைசி வரைக்கும் விடக் கூடாது. சாப்பிடும்போது எடுத்தா பெட்டியில வைக்கணும். கைக்குட்டை இல்ல, டிஷ்யூ இல்ல. பெட்டி.”

“பெட்டி,” என்றாள் டீச்சர், நல்ல மாணவி மாதிரி.

அதன் பிறகு சில மாதங்கள் அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அவர் ஏதோ ஓர் அற்பப் புளுகு சொன்னார், எதிர்வீட்டுப் புறா தெலுங்கு பேசுகிறது என்கிற அளவில். திரிபுரசுந்தரி சிரித்தாள். கை மடியிலேயே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். காபி ஆறிப்போனது. அந்தச் சிரிப்பின் வெளிச்சத்தில் பத்மாராவ் நகருக்கே அன்று மின்சாரம் மிச்சமானது என்பார் அவர். அதை நான் மறுக்க மாட்டேன்.

இனி கல்யாணம். பாலா என்ற பழைய சகாவின் பெண்ணுக்கு. பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக ஒரு சின்ன ஜரிகைப் பை எடுத்துக்கொண்டாள் திரிபுரசுந்தரி. அந்தப் பையில் சில்லறையும் ஒரு கொட்டைப்பாக்கும்தான் கொள்ளும். ரிடெய்னர் பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. பந்தியில் உட்கார்ந்தபோது இரண்டு நிமிஷம் யோசித்தாள். பிறகு வாயிலிருந்து எடுத்ததை யாரும் பார்க்காமல் இலையின் இடது நுனிக்கு அடியில் செருகினாள்.

பாயசம் முடிகிற நேரத்தில் மேடையிலிருந்து ஆள் வந்தது. “மாமி, நலங்குக்குப் பாடணும், உடனே வாங்கோ.” அவள் எழுந்து ஓடினாள். இலையை அப்படியே விட்டுப் போவது விருந்து வைத்தவருக்கு மரியாதை இல்லை என்று லக்ஷ்மிநாராயணன், தன் வாழ்க்கையில் முதல்தடவையாக, மனைவி சொல்லாமலே ஒரு நல்ல காரியம் செய்தார். அவளுடைய இலையைத் தன் பக்கமாக அழகாக மடித்தார். அடியில் இருந்ததும் நுனியோடு உயர்ந்து, வழிந்து கிடந்த பாயசத்துக்குள் விழுந்து மூடிக்கொண்டது. பரிமாறுகிறவர்கள் வந்தார்கள். மேசைமேல் விரித்திருந்த காகிதத்தோடு அத்தனை இலையையும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

பாட்டு முடிந்து அவள் வந்து பார்த்தாள். மேசை சுத்தமாக இருந்தது.

“என் இலை எங்கே?”

“மடிச்சாச்சே,” என்றார் பெருமையாக.

அவள் கை மெல்ல மேலே வந்து வாயை மூடியது. அதைப் பார்த்ததும் அவர் ஓடினார். சரிகை வேட்டியோடு, முழங்கால் வலியை மறந்து, கை அலம்பும் இடத்தைத் தாண்டி மண்டபத்தின் பின்பக்கம் ஓடினார். அங்கே எச்சில் இலை மலைபோலக் கிடந்தது. இமயமலை என்றால் அதிகம். விந்தியமலை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் அடிவாரத்தில் எருமைகள் நின்றிருந்தன. ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

“சார், ஜரா இதர் ஆவோ. பைன பண்ட்லு ஒச்சினய் சார்!”

இங்கே வந்து பாருங்கள், மேலே பல் முளைத்துவிட்டது என்கிறான். கத்தியவன் மல்லேஷ், கன்றின் சொந்தக்காரன். கத்தமாட்டானா? எருமைக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது, வெறும் ஈறுதான். அவனுடைய கன்றோ மேலுதட்டைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு, பளபளவென்று ஒரு முழு வரிசையைக் காட்டிக்கொண்டு நின்றது. சின்னக் கன்று, சின்ன வாய். பாயசத்தின் பிசுக்கில் அச்சு கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அது நாக்கால் தள்ளிப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. மறுபடி உதட்டைத் தூக்கியது.

“டரோ நக்கோ, யே மேரி பீவி கே தாந்த்,” என்றார் லக்ஷ்மிநாராயணன். பயப்படாதே, இது என் மனைவியின் பல்.

மல்லேஷ் கன்றைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். இரண்டில் எதைக் கட்டிப் போடுவது என்று யோசிப்பதுபோல இருந்தது. பிறகு விரலை விட்டு லாகவமாக எடுத்தான். எடுப்பதற்குள் கன்று ஒரு கடி கடித்துவிட்டது. குறுக்கே விரிசல் விட்டு, இரண்டு துண்டாகக் கைக்கு வந்தது.

உள்ளே அவர் திரும்பி வந்தபோது திரிபுரசுந்தரி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். கண் நனைந்திருந்தது, தோள் குலுங்கியது. புடவைக் கரை எங்கேயோ தண்ணீரில் பட்டு ஈரமாக இருந்தது. அழுகிறாள் என்று அவர் நினைத்தார். கைக்குட்டையைப் பிரித்துத் துண்டுகளைக் காட்டி, நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

“குப்பையில கிடைச்சுதுன்னு சொன்னாப் போறாதா? அதுக்கு ஓர் எருமை வேணுமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த எருமையின் பேச்சு வீட்டுக்குள் வரவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், “அடுத்த வாரம் பார்க்கலாம்,” என்றாள். அடுத்த வாரம் கேட்டால் மெட்ரோவில் கூட்டம் என்றாள். ஒருநாள், “இந்த வயசுக்கு இவ்வளவு போறும்,” என்றாள். அஸ்வினி சொன்ன நார் இருந்த இடத்தில் இருந்தபடி இழுத்துக்கொண்டிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவர் மறுபடி எதிர்வீட்டுப் புறாவைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். கை மேலே வந்து மூடிக்கொண்டது.

கையிலும் ஒரு நார் இருக்கும்போல என்று நினைத்தார் அவர். அதற்கும் பழைய இடம் ஞாபகம் இருக்கிறது.

அவள் ஏன் டாக்டரிடம் போக மறுக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அஸ்வினி ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஜியோமெட்ரி பாக்ஸ் இல்லாமல் வந்தாள். பஸ் ஸ்டாப்பில் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்றாள். “குரங்குக்கு எதுக்குடி காம்பஸ்?” என்று கேட்டு, வகுப்பு முடியும்வரை வெளியே நிற்கவைத்தாள் டீச்சர். அந்த ஒரு வரியைப் பள்ளிக்கூடமே ரொம்ப காலம் சொல்லிச் சிரித்தது. அந்தப் பெண்ணின் முன்னால் போய் உட்கார்ந்து எப்படிச் சொல்வது, எருமை தின்றுவிட்டது என்று?

“சுந்தரி, ஆட்டோவுல தவறி விழுந்துடுத்துன்னு நான் சொல்லிடறேன். சாதாரணமா, சின்னதா ஒரு பொய்.” தன் வாழ்நாளில் நம்பக்கூடிய புளுகு ஒன்றை அவர் முன்வைத்தது அதுவே முதல்முறை.

“பொய் சொல்லி ரிடெய்னர் வாங்கிக்க மாட்டேன்.”

“அப்போ நிஜத்தைச் சொல்லு.”

“நிஜம் என்னன்னு யாருக்குத் தெரியும்?” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். ஆனால் மறுநாள் காலை அவர் கேட்காமலே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கையில் ரிடெய்னர் பெட்டி. காலிப் பெட்டியை எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று அவர் கேட்கவில்லை.

அஸ்வினி விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். சின்னக் கண்ணாடியால் முன்பல்லைத் தட்டினாள். பிறகு மாஸ்க்கை இறக்கினாள்.

“மேம், இடைவெளி திறக்க ஆரம்பிச்சிருக்கு. எத்தனை மாசமா போடல?”

“மாசமெல்லாம் இல்லை. மூணு வாரம்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் திட்ட மாட்டேன், ஆனா எனக்கு நிஜம் வேணும். மூணு வாரம்னா இப்பவே ஸ்கேன் எடுத்து, புது வார்ப்பு போட்டு மெதுவா உள்ளே கொண்டுவந்துடலாம். மாசக்கணக்குல விட்டிருந்தா அது வேலை செய்யாது. மறுபடி கிளிப். என்ன ஆச்சு?”

“ஆட்டோவுல…” என்று ஆரம்பித்தார் லக்ஷ்மிநாராயணன்.

“சார், நீங்க வேணாம். மேம் சொல்லட்டும்.”

திரிபுரசுந்தரி பெட்டியைத் திறந்து நீட்டினாள். உள்ளே இரண்டு துண்டும் கழுவித் துடைத்து இருந்தன. குப்பையில் போட்டுவிட்டாள் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அஸ்வினி ஒரு துண்டை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்த்தாள். “கடிச்சிருக்கு. ஆனா இது மனுஷக் கடி இல்லையே? அகலமா இருக்கு. நாயா மேம்? நாய் கடிச்சுக் கொண்டுவர்றவங்க நிறைய பேர்.”

நாய் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், கதை முடிந்திருக்கும். லக்ஷ்மிநாராயணன் தலையை ஆட்டவே செய்தார்.

“நாய் இல்லை,” என்றாள் டீச்சர். “எருமைக்கன்னு.”

அஸ்வினியின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. துண்டைப் பெட்டியில் வைத்து மூடினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

“எருமைக்கு எதுக்கு மேம் ரிடெய்னர்?”

லக்ஷ்மிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மனைவியின் வலது கை மேலே ஏறிக்கொண்டிருந்தது. மோவாய் வரை வந்தது. அங்கே நின்றது. பிறகு மடிக்கே திரும்பிப் போனது. அவள் சிரித்தாள். திறந்துகொண்ட சின்ன இடைவெளியும் சேர்த்து அத்தனை பல்லும் தெரிய, நாற்காலி குலுங்கச் சிரித்தாள். முந்தானையை எடுத்துக் கண்ணைத்தான் துடைத்தாள்.

“அன்னிக்கு இவர் பின்னாடியே நானும் போனேன்டி. கை அலம்பற இடத்துல தூண் பக்கம் நின்னேன். இவர் என்னைப் பார்க்கலை,” என்றாள். “மேலுதட்டைத் தூக்கிண்டு, தலையைச் சாச்சுண்டு, சம்பந்தி மாதிரியேதான் சிரிச்சுது. இவர் சொன்னது அத்தனையும் நடந்தது, அஸ்வினி.”